டாக்டர் சொன்ன ஆலோசனைக்குத் தண்டனையா? அமெரிக்க சமூகப் பழமைவாதிகளின் பார்வை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரும்பாலான டாக்டர்கள் ஏற்காத ஒன்றை ஒரு டாக்டர் தன் நோயாளிக்குச் சொல்கிறார். அவருடைய லைசென்ஸைப் பறிக்கலாமா? அமெரிக்காவில் கொரோனா காலத்தில் சூடு பிடித்த இந்தக் கேள்வி இன்னும் ஆறவில்லை. இதில் சமூகப் பழமைவாதிகள் என்ன சொல்கிறார்கள், ஏன் சொல்கிறார்கள், எங்கே தங்களுக்கே முரணாகப் பேசுகிறார்கள் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

சமூகப் பழமைவாதிகள் என்றால் யார்? குடியரசுக் கட்சிக்காரர்கள் எல்லோருமா?

இல்லை. கட்சிக்குள் வரிக் குறைப்பும் சந்தைச் சுதந்திரமும்தான் பெரிது என்பவர்கள் ஒரு பக்கம். மதம், குடும்பம், கருவிலுள்ள உயிர், பிள்ளைகள் மீது பெற்றோருக்குள்ள உரிமை ஆகியவற்றை முன்னால் வைப்பவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது கூட்டத்தைத்தான் இங்கே சொல்கிறேன். கத்தோலிக்கர்களும் இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களும் இதில் அதிகம். அரசு மருத்துவ விஷயத்தில் தலையிடவே கூடாது என்பது இவர்கள் கொள்கை அல்ல. பலர் அப்படித் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

டாக்டரைத் தண்டிப்பது யார்?

ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள மருத்துவ வாரியம். லைசென்ஸ் கொடுப்பதும் அதுதான், எச்சரிப்பது, அபராதம் போடுவது, இடைநீக்கம் செய்வது, ரத்து செய்வது எல்லாமும் அதுதான். இந்த அதிகாரத்தை உச்ச நீதிமன்றம் 1889-லேயே டென்ட் எதிர் மேற்கு வர்ஜீனியா வழக்கில் ஏற்றுக்கொண்டுவிட்டது. லைசென்ஸ் முறையே வேண்டாம் என்று சமூகப் பழமைவாதிகள் கேட்கவில்லை. அந்த லைசென்ஸைக் காட்டி டாக்டரின் வாயை எவ்வளவு தூரம் கட்டலாம் என்பதில்தான் சண்டை.

கொரோனாவில்தான் இது தொடங்கியதா?

சூடு அப்போதுதான் ஏறியது. 2021 ஜூலையில் மாநில மருத்துவ வாரியங்களின் கூட்டமைப்பு ஓர் அறிக்கை விட்டது. கொரோனா தடுப்பூசி பற்றித் தவறான தகவலைப் பரப்பும் டாக்டர்கள் லைசென்ஸை இழக்க நேரிடலாம் என்பது அதன் சாரம். டென்னசி மாநில வாரியம் அதே வழியில் ஒரு கொள்கை வகுத்தது. வாரியத்தையே கலைத்துவிடுவோம் என்று குடியரசுக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் மிரட்ட, 2021 டிசம்பரில் அந்தக் கொள்கை வாரியத்தின் இணையதளத்திலிருந்து காணாமல் போனது.

சண்டையின் வேர் அதைவிடப் பழையது, தொடக்கத்தில் கட்சிகள் நின்ற இடமும் வேறு. கலிபோர்னியா மக்கள் 1996-ல் மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தார்கள். நோயாளிக்குக் கஞ்சாவைப் பரிந்துரைக்கும் டாக்டர் மருந்து எழுதும் பதிவை இழப்பார் என்று மத்திய அரசு மிரட்டியது. கானன்ட் எதிர் வால்டர்ஸ் வழக்கில் 2002-ல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தடுத்தது. பரிந்துரைப்பது பேச்சு, பேச்சைத் தண்டிக்க முடியாது என்றது. போதைக்கு எதிரான கடும்போக்கு அன்று பழமைவாதிகளின் அடையாளமாக இருந்தது. இன்று அதே தீர்ப்பை அவர்களுடைய வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள்.

கலிபோர்னியா சட்டம் ஒன்றைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அது என்ன?

ஏபி 2098. 2022 செப்டம்பரில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்டார். கொரோனா பற்றித் தவறான தகவலை டாக்டர் தன் நோயாளிக்குச் சொன்னால் அது தொழில் ஒழுக்கக்கேடு என்றது சட்டம். தவறான தகவல் எது? 'சமகால அறிவியல் ஒருமித்த கருத்துக்கு' முரணானது. சட்டம் சிக்கிக்கொண்டது இந்தச் சொற்றொடரில்தான்.

நேற்று வந்த நோயில் ஒருமித்த கருத்து என்பது எது? யார் சொன்னால் ஒருமித்தது? எத்தனை பேர் சொல்ல வேண்டும்? எந்த மாதத்துக் கருத்து? முகக்கவசம் பற்றிய அரசின் ஆலோசனையே சில வாரங்களில் தலைகீழாக மாறிய காலம் அது. 2023 ஜனவரியில் நீதிபதி வில்லியம் ஷப், இந்த வரையறை சட்டம் தாங்காத அளவுக்குத் தெளிவற்றது என்று சொல்லி, வழக்குப் போட்ட டாக்டர்கள் மீது அதைப் பாய்ச்சத் தடை விதித்தார். அதே மாநிலத்தில் இன்னொரு மத்திய நீதிபதி தடை கொடுக்க மறுத்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு முடிவதற்குள் சட்டமன்றமே இன்னொரு மசோதாவின் மூலம் அதைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டது.

இதை எதிர்த்தவர்கள் பழமைவாதிகள் மட்டும் அல்ல. ஏசிஎல்யூ என்ற குடிமை உரிமை அமைப்பின் கலிபோர்னியா கிளைகளும் எதிர்த்தன. மற்ற நாட்களில் இந்த இரண்டு தரப்பும் ஒரே மேசையில் உட்கார மாட்டார்கள்.

நிபுணர்கள் மேல் இவ்வளவு சந்தேகம் ஏன்? அறிவியல் பிடிக்காதா?

அப்படிச் சொல்லிவிட்டுப் போவது எளிது. அவர்கள் சுட்டும் வரலாறு ஒன்று இருக்கிறது, அதைக் கேட்காமல் இந்த வாதம் புரியாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 'தகுதியான' வம்சங்கள் மட்டும் பெருக வேண்டும் என்ற இனமேம்பாட்டியல்தான் 'படித்தவர்களின்' அறிவியலாக இருந்தது. தகுதியற்றவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் முதல் சட்டத்தை இண்டியானா 1907-ல் இயற்றியது. 1927-ல் பக் எதிர் பெல் வழக்கில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வர்ஜீனியாவின் அப்படிப்பட்ட சட்டத்தைச் சரி என்றது. மறுத்த அந்த ஒரே நீதிபதி பியர்ஸ் பட்லர், கத்தோலிக்கர். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு போப் பதினோராம் பயஸ் தன் சுற்றுமடலில் கட்டாயக் கருத்தடையை வெளிப்படையாகக் கண்டித்தார். அமெரிக்காவில் இப்படிக் கருத்தடை செய்யப்பட்டவர்கள் 60,000-க்கும் மேல்.

எனவே 'டாக்டர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டது' என்ற வார்த்தையைக் கேட்டதும் ஒரு கத்தோலிக்கப் பழமைவாதிக்கு நினைவுக்கு வருவது வேறு. அன்றைக்கு அந்த ஒருமித்த கருத்தை எதிர்த்த டாக்டருக்கு லைசென்ஸ் போயிருந்தால்? இதுதான் அவர்களுடைய கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் கதையில் விட்டுப்போகிற பக்கமும் உண்டு. 1920-களில் அமெரிக்க இனமேம்பாட்டுச் சங்கம் பிரசங்கப் போட்டியே நடத்தியது, பரிசுக்காக இனமேம்பாட்டைப் புகழ்ந்து பிரசங்கம் எழுதி அனுப்பிய பாதிரியார்களும் இருந்தார்கள். மதம் தானாகவே காப்பாற்றிவிடவில்லை.

மாற்றுக் கருத்துச் சொன்னவர்கள் கடைசியில் சரி என்று ஆனதும் உண்டுதானே?

உண்டு. கை கழுவச் சொன்ன செம்மல்வைஸ், வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் பாக்டீரியா என்ற பேரி மார்ஷல் என்று ஒரு பட்டியல் எப்போதும் வரும். இந்த வாதத்தில் எனக்குப் பெரிய மதிப்பு இல்லை. ஒருமித்த கருத்துக்கு எதிராகப் பேசித் தவறாகப் போனவர்களின் பட்டியல் இதைவிட நூறு மடங்கு நீளம். அவர்களுடைய பெயரை யாரும் நினைவு வைப்பதில்லை, அவ்வளவுதான். மார்ஷல் ஜெயித்தது கருத்துச் சுதந்திரத்தால் மட்டும் அல்ல. கிருமியைத் தானே குடித்தார், சோதனை செய்தார், தரவைக் காட்டினார்.

ஐவர்மெக்டின் விவகாரத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருந்ததா?

மருந்து விஷயத்தில் இல்லை. ஐவர்மெக்டின் ஒட்டுண்ணிகளைக் கொல்லும் மருந்து, குதிரைகளுக்கும் தருவார்கள்; கொரோனாவுக்கும் சில டாக்டர்கள் அதை எழுதிக்கொடுத்தார்கள். கொரோனாவுக்கு அது பயன்படவில்லை என்று டுகெதர் என்ற பெரிய ஆய்வு 2022-ல் காட்டியது.

அதிகாரம் பற்றிய கேள்வி வேறு. ஒரு நோய்க்கு என்று அனுமதி பெற்ற மருந்தை இன்னொரு நோய்க்கு எழுதிக்கொடுப்பது அமெரிக்காவில் சட்டப்படி சரி, அன்றாடம் நடப்பதும்கூட. மருந்துக்கு அனுமதி தருவது எஃப்டிஏ என்ற மத்திய அரசு அமைப்பு. அதை யாருக்கு எழுதுவது என்பது டாக்டரின் முடிவு. 2021 ஆகஸ்டில் 'நீங்கள் குதிரை அல்ல' என்ற தொனியில் எஃப்டிஏ ட்வீட் போட்டது. மூன்று டாக்டர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2023 செப்டம்பரில் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், எஃப்டிஏ தகவல் சொல்லலாம், மருத்துவ ஆலோசனை சொல்ல அதற்கு அதிகாரம் இல்லை என்றது. 2024-ல் சமரசமாகி அந்தப் பதிவுகளை எஃப்டிஏ எடுத்துவிட்டது. மருந்து தோற்றது, வழக்கு ஜெயித்தது. பழமைவாத மேடைகளில் இரண்டாவதை மட்டும் சொல்வார்கள், எதிர்த்தரப்பில் முதலாவதை மட்டும்.

கருக்கலைப்பு மாத்திரையின் விளைவைத் திருப்பலாம் என்கிறார்களே, அது என்ன?

மருந்து வழிக் கருக்கலைப்பில் இரண்டு மாத்திரைகள். முதலாவது மிஃபெப்ரிஸ்டோன், அது புரோஜெஸ்டிரோன் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும். முதல் மாத்திரை எடுத்துவிட்டு மனம் மாறிய பெண்ணுக்கு, இரண்டாவதைக் கொடுக்காமல் புரோஜெஸ்டிரோனை அதிகமாகக் கொடுத்தால் கரு பிழைக்கும் என்று சில டாக்டர்கள் சொல்கிறார்கள். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் முதன்மைச் சங்கம் இதை ஏற்கவில்லை. ஆதரவாளர்கள் காட்டுவது ஒப்பீட்டுக் குழு இல்லாத நோயாளி விவரத் தொகுப்புகள். ஒழுங்கான சோதனை ஒன்று 40 பேரோடு திட்டமிடப்பட்டு, 12 பேரிலேயே நின்றுபோனது. மூன்று பேருக்குக் கடும் ரத்தப்போக்கு. ஆபத்தான சிகிச்சை என்கிறது ஒரு தரப்பு. மூவரில் இருவர் புரோஜெஸ்டிரோன் பெறாதவர்கள், ஆபத்து முதல் மாத்திரையில்தான் என்கிறது இன்னொரு தரப்பு. 12 பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பதை இரண்டு பேருமே மறந்துவிடுகிறார்கள்.

கொலராடோ 2023-ல் இந்தச் சிகிச்சையை ஒழுக்கக்கேடு என்று அறிவிக்கும் சட்டம் போட்டது. பெல்லா என்ற கத்தோலிக்க கிளினிக் வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய நீதிபதி இடைக்காலத் தடை கொடுத்தார். காரணம் அறிவியல் அல்ல, மதச் சுதந்திரம். புரோஜெஸ்டிரோனை எஃப்டிஏ அனுமதியில் இல்லாத வேறு பல காரணங்களுக்கும் எழுத மாநிலம் விடுகிறது, இந்த ஒரு காரணத்துக்கு மட்டும் தடுக்கிறது என்றால் அது நடுநிலை இல்லை என்றார்.

டாக்டரின் பேச்சு வேறு, சிகிச்சை வேறு என்று பிரிக்க முடியுமா?

சட்டத்தில் எல்லாம் இந்தப் பிரிவைச் சுற்றித்தான் சுழல்கிறது. 2018-ல் நிஃப்லா எதிர் பெசெரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்புச் சொன்னது. தொழில்முறைப் பேச்சு என்று ஒரு தனி ரகம் இல்லை, லைசென்ஸ் உள்ளவர் பேசுவதாலேயே பாதுகாப்பு குறையாது என்று எழுதினார் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். நாஜி ஜெர்மனி, சோவியத், சீனக் கலாச்சாரப் புரட்சி, ருமேனியா எல்லாவற்றையும் உதாரணம் காட்டினார். டாக்டர்–நோயாளி உரையாடலில் அரசு புகுந்தால் என்னவாகும் என்பதற்கு. அதே தீர்ப்பு ஒரு கதவையும் திறந்தே வைத்தது: நடத்தையை ஒழுங்குபடுத்தும்போது பேச்சும் தற்செயலாகச் சேர்ந்து வந்தால் பரவாயில்லை.

அப்படியானால் வெறும் பேச்சே சிகிச்சையாக இருந்தால்? கொலராடோவின் 2019 சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் பாலின ஈர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மாற்ற முயலும் ஆலோசனையைத் தடுத்தது. கேலி சைல்ஸ் என்ற கிறிஸ்தவ ஆலோசகர், நான் கத்தி எடுக்கவில்லை, மாத்திரை கொடுக்கவில்லை, பேசுகிறேன், அவ்வளவுதான் என்று வழக்குப் போட்டார். அது உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 அக்டோபரில் வாதம் நடந்தது. பேச்சு என்பதால் தீங்கு வராது என்று யாரும் சொல்ல முடியாது. தற்கொலை எண்ணத்தோடு வந்தவரிடம் தப்பாகப் பேசினால் உயிரே போகும். பழமைவாதத் தரப்பின் வாதத்தில் எனக்குச் சங்கடமான இடம் இதுதான்.

அப்படியென்றால் எந்த டாக்டரையும் தண்டிக்கக் கூடாது என்பதுதான் நிலைப்பாடா?

சுத்தமாக இல்லை. புளோரிடாவைப் பாருங்கள். 2023 மே மாதத்தில் ஆளுநர் ரான் டிசான்டிஸ் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். சமூக ஊடகத்தில் எழுதியது உட்பட, பேச்சுக்காக மட்டும் ஒரு டாக்டர் மீது வாரியம் நடவடிக்கை எடுக்க முடியாதபடி அது மிக உயரமான தடையைப் போட்டது. அதே மே மாதத்தில் இன்னொன்று: 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பாலின மாற்றச் சிகிச்சை தரும் டாக்டருக்குக் குற்ற வழக்கு. ஒரே பேனா!

டெக்சாஸில் கருக்கலைப்புச் செய்யும் டாக்டருக்கு ஆயுள் வரை சிறை, குறைந்தது 100,000 டாலர் அபராதம், லைசென்ஸ் ரத்து. பிள்ளைகளுக்கான பாலின மாற்றச் சிகிச்சைக்கு டென்னசி விதித்த தடையை 2025 ஜூனில் ஸ்கர்மெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று ஏற்றுக்கொண்டது. பெரிய மருத்துவச் சங்கங்கள் பல எதிர்ப்பக்கம் நின்றன. அந்தச் சங்கங்களின் ஒருமித்த கருத்தை மதிக்க வேண்டியதில்லை என்பதில் மட்டும் பழமைவாதிகள் முரண்படவே இல்லை.

இது இரட்டை நாக்கு இல்லையா?

அவர்கள் சொல்லும் பதில் இப்படிப் போகும்: பேசுகிற டாக்டரை விடு, உடலில் கை வைக்கிற டாக்டரைத் தடு. பெரியவர் தனக்கென்று எடுக்கும் முடிவு வேறு, சம்மதம் சொல்ல வயதில்லாத பிள்ளைக்கும் பிறக்காத உயிருக்கும் நடப்பது வேறு. இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது, வெறும் சாக்கு என்று ஒதுக்க மாட்டேன்.

ஆனால் இந்தக் கோடு அவர்கள் வசதிக்கு வளைந்ததும் உண்டு. நோயாளியிடம் 'வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா' என்று டாக்டர் கேட்பதையே கட்டுப்படுத்திப் புளோரிடா 2011-ல் சட்டம் போட்டது. அது பேச்சு இல்லாமல் வேறென்ன? 2017-ல் பதினோராவது வட்டார நீதிமன்றத்தின் முழு அமர்வு அதன் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தது. இண்டியானாவில் பத்து வயதுச் சிறுமிக்குக் கருக்கலைப்புச் செய்ததைப் பெயர் சொல்லாமல் பத்திரிகையாளரிடம் குறிப்பிட்ட டாக்டர் மீது மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் புகார் கொடுத்தார். 2023 மே மாதத்தில் வாரியம் தனியுரிமை மீறல் என்று கண்டித்து 3,000 டாலர் அபராதம் போட்டது. அப்போது 'டாக்டரின் பேச்சுரிமை' என்று அந்தப் பக்கத்திலிருந்து அதிகம் சத்தம் கேட்கவில்லை.

இன்னும் பழைய உதாரணம் ஓரிகன். அங்கே மரணத் தறுவாயில் உள்ளவர், தானே எடுத்துக்கொள்ளும் மருந்தை டாக்டரிடம் கேட்டு வாங்கலாம். அப்படி எழுதும் டாக்டர்களின் மருந்துப் பதிவைப் பறிப்போம் என்று 2001-ல் மத்தியத் தலைமை வழக்கறிஞர் ஜான் ஆஷ்கிராஃப்ட் உத்தரவிட்டார். 2006-ல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று அதைத் தள்ளியது. கஞ்சா டாக்டர்களை மிரட்டிய அதே ஆயுதம்.

லிபர்டேரியன்களும் இதையேதானே சொல்கிறார்கள்?

தனிமனிதர் வாழ்க்கையில் அரசு முடிந்தவரை தலையிடக் கூடாது என்பவர்கள்தான் லிபர்டேரியன்கள். பாதி வழி வரை கூடவே வருவார்கள். பொருளாதார நிபுணர் மில்டன் ஃபிரீட்மன் போன்றவர்கள் டாக்டர் லைசென்ஸ் முறையையே எதிர்த்தவர்கள். கருக்கலைப்பு, தற்கொலைக்கு உதவி என்று வரும்போது பாதை பிரியும்.

ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் லைசென்ஸ் இழந்தது கருத்துக்காகத்தானே?

இது பிரிட்டன் கதை, ஆனாலும் இந்தச் சண்டையில் அடிக்கடி இழுக்கப்படுகிறது. தட்டம்மை கூட்டுத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட 1998 கட்டுரைக்காரர் அவர். 2010-ல் அவரை மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கியது கருத்துக்காக அல்ல. பிள்ளைகளுக்கு உரிய அனுமதியில்லாமல் பரிசோதனைகள் செய்தது, நேர்மையில்லாமல் நடந்துகொண்டது என்ற காரணங்களுக்காக. பேசியதற்கு அல்ல, செய்ததற்குத்தான் தண்டனை. பழமைவாதிகள் கேட்கிற கோடு அங்கே கிட்டத்தட்ட அப்படியே போடப்பட்டிருக்கிறது.

தப்பான ஆலோசனையால் நோயாளி பாதிக்கப்பட்டால் வழி இல்லையா?

இருக்கிறது. மருத்துவக் கவனக்குறைவு வழக்குத் தொடுக்கலாம். அங்கே கேள்வி 'இவர் ஒருமித்த கருத்தை மீறினாரா' என்பது அல்ல, 'பொறுப்புள்ள டாக்டர் செய்யக்கூடியதை இவர் செய்தாரா, அதனால் இந்த நோயாளிக்குத் தீங்கு வந்ததா' என்பது. வாரியத்தைவிட இந்த வழி மேல் என்று பழமைவாதிகள் பலர் சொல்கிறார்கள். செத்த பிறகு வரும் இழப்பீட்டால் என்ன பயன் என்ற பதிலும் உண்டு, அதையும் தட்டிவிட முடியாது.

சரி, இந்தப் பக்கத்தை எழுதுபவரின் கருத்து என்ன?

பழமைவாதிகளின் வாதத்தில் நிற்கிற கால், 'நிபுணர்கள் தவறலாம்' என்பது அல்ல. 'சட்டம் எதைத் தடுக்கிறது என்று டாக்டருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்' என்பதுதான். ஏபி 2098 விழுந்தது அதனால்தான். எல்லை எங்கே என்று தெரியாத டாக்டர் எல்லைக்குப் பத்தடி முன்பே நின்றுவிடுவார். வாரியம் தண்டிக்கவே வேண்டாம், பயமே போதும்.

டெக்சாஸில் நடந்ததும் அதுவே, திசைதான் வேறு. தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் விதிவிலக்கு உண்டு என்றது சட்டம். எவ்வளவு ஆபத்து, எந்த நிமிடத்தில் என்று சொல்லவில்லை. சிகிச்சையைத் தள்ளிப்போட்டார்கள், பெண்கள் பாதிக்கப்பட்டார்கள், டாக்டர்கள் புலம்பினார்கள். கடைசியில் 2025-ல், தடையைக் கொண்டுவந்த அதே சட்டமன்றமே, ஆபத்து கண்ணெதிரே வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று தெளிவுபடுத்தும் சட்டத்தை இயற்றியது. கலிபோர்னியாவில் 'ஒருமித்த கருத்து' என்ற சொல்லைப் பார்த்துக் கொதித்தவர்களில் எத்தனை பேர், டெக்சாஸில் 'அவசரநிலை' என்ற சொல் மூன்று ஆண்டுகள் அப்படியே கிடந்தபோது வாய் திறந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.